சிலேட்டுக்கும் சிஸ்டுக்கும் நடுவில் ஒரு கல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்லைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இசையைப் பற்றிப் பேச வருகிறவர் நடுவில் இரண்டு வரி பாடிக் காட்டிவிடலாம்; கல்லைப் பற்றிப் பேச வருகிறவன் என்ன செய்வது? தட்டினால் எழும் ஓசையை வேண்டுமானால் கேட்கச் செய்யலாம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் கல்லோ, ஓசையால் தன்னைக் காட்டிக்கொள்ளும் கல் அன்று. கையில் எடுத்து, வெயிலில் நின்று, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறவருக்கு மட்டுமே தன் அடையாளத்தைச் சொல்லும் கல். ஆகவே உங்கள் கைகளின் நினைவை நம்பியே இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அந்தக் கல்லின் பெயர் ஃபில்லைட். கேள்விப்படாத பெயராக இருந்தால் அது உங்கள் குற்றம் அன்று. நிலவியல் பாடநூல்களே அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சேறு இறுகிக் களிப்பாறை ஆகும், களிப்பாறை அழுந்திச் சிலேட்டு ஆகும், சிலேட்டு மேலும் மாறிச் சிஸ்ட் ஆகும் என்று படிப்படியாக அடுக்கிச் சொல்லும்போது, சிலேட்டுக்கும் சிஸ்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்லாக ஃபில்லைட் வந்து போகும். பாறைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. தொடக்கத்தையும் முடிவையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மாற்றம் நம் கண்ணெதிரே நிகழ்ந்துகொண்டிருக்கும் நடுக்கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் அந்தக் குறை. இன்றைக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் அந்த நடுக்கட்டத்துக்காகத்தான் வாதாடப் போகிறேன்.

சிலேட்டை உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பழகிய பலகையாகவோ, கூரையில் ஓடுபோல வேய்ந்த தகடாகவோ, தரையில் பதித்த கல்லாகவோ எங்கேனும் பார்த்திருப்பீர்கள். கருஞ்சாம்பல் நிறம், தட்டையான முகம், மங்கலான, ஒளியை விழுங்கிக்கொள்வது போன்ற தோற்றம். இப்போது அதே சிலேட்டின் முகத்தில் மெல்லிய பட்டுத் துணி ஒன்றைப் போர்த்தியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாய்க்கும்போது ஒரு கோணத்தில் முகம் முழுவதும் வெள்ளியாக மின்னும். சற்றே திருப்பினால் அந்த மின்னல் அணைந்துபோகும். அதோடு, மேற்பரப்பு சிலேட்டைப் போல வழவழவென்று சமமாக இராமல், நெடுநேரம் நீரில் ஊறிய விரல்நுனியின் தோலைப் போல நுண்ணிய சுருக்கங்களோடு இருக்கும். பட்டுப் பளபளப்பு, நுண்சுருக்கம் என்னும் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அது ஃபில்லைட். இதற்கு அடுத்த நிலையான சிஸ்டில், மின்னும் செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்; நகத்தால் நெம்பி எடுக்கவும் முடியும். அந்தச் செதிலுக்கு நம் மொழியில் காக்காப்பொன் என்று அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அபிரகம் என்றும் மைக்கா என்றும் சொல்வது அதைத்தான்.

ஃபில்லைட் என்ற பெயர் இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலை இலையாகப் பிரியும் கல் என்பதால் அப்பெயர். நானாக அதற்கு இலைக்கல் என்று பெயர் சூட்டி, யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் எனக்குள் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கல்லுக்குப் பளபளப்பைத் தருவது செரிசைட் என்னும் மிக நுண்ணிய வெண் அபிரகம். அந்தப் பெயருக்குள் இருப்பது பட்டு. கல் சிலவேளை பசுமையாகத் தோன்றுவதற்குக் காரணம் குளோரைட் என்னும் கனிமம். அந்தப் பெயருக்குள் இருப்பது பச்சை. கருமையாகத் தோன்றினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கிராஃபைட். அதற்குள் இருப்பது எழுதுதல் என்னும் பொருளுடைய சொல். இலை, பட்டு, பச்சை, எழுத்து. ஒரு கல்லின் பெயரையும் அதன் உறுப்புகளின் பெயர்களையும் பிரித்துப் பார்த்தால் இப்படி ஒரு வரிசை கிடைப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. கற்களுக்குப் பெயரிட்டவர்கள் வறண்ட மனிதர்களாக இருந்திருக்க முடியாது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது நாங்கள் ஒரு மலைச்சரிவுக்குக் களப்பணிக்குச் சென்றிருந்தோம். பகல் முழுவதும் நடந்து, ஒவ்வொரு பாறையிலும் ஒரு துண்டு உடைத்து, பையில் போட்டு, குறிப்பேட்டில் பெயர் எழுதுவது எங்கள் வேலை. வெயில் தாங்காமல் ஒரு பாறை முனையின் நிழலில் உட்கார்ந்தபடியே அடுத்தடுத்து ஏழு துண்டுகளுக்குச் சிலேட்டு, சிலேட்டு, சிலேட்டு என்று எழுதி முடித்துவிட்டேன். மாலையில் எங்கள் ஆசிரியர் என் குறிப்பேட்டைப் பார்த்தார். திட்டவில்லை. பையிலிருந்து ஏழு துண்டுகளையும் எடுத்து, சாயும் வெயிலில் ஒரு தட்டைப் பாறையின் மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, எதிரே போய் நிற்கச் சொன்னார். முதல் இரண்டும் மங்கலாகவே இருந்தன. மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை, ஒன்றைவிட ஒன்று கூடுதலாக, விளக்கு ஏற்றியதுபோல் மின்னின. “நிழலில் உட்கார்ந்து பெயர் வைத்தால் எல்லாமே சிலேட்டுதான்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். நன்றாகவே தூங்கினேன், அவ்வளவு நடந்திருந்தோம். ஆனால் மறுநாள் காலையில் அந்த ஏழு துண்டுகளையும் மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சிலேட்டு இங்கே முடிகிறது, ஃபில்லைட் இங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கக்கூடிய இடம் அந்த வரிசையில் எங்கும் இல்லை. மூன்றாவது துண்டைச் சிலேட்டு என்றாலும் தவறில்லை, ஃபில்லைட் என்றாலும் தவறில்லை. அது மாறிக்கொண்டிருந்த கல். அந்த மூன்றாவது துண்டு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. இந்த உரையை எழுதும்போது தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தேன்.

சரி, கல் எப்படி மாறுகிறது? இதற்குப் பள்ளியில் நாம் கேட்ட விடை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் என்பது. விடை சரிதான். ஆனால் அந்த விடையைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் தவறாக இருக்கிறது. பெருந்தீ, உருகும் பாறை, கொதிக்கும் குழம்பு என்றெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். ஃபில்லைட் உருவாவதற்குத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் அளவுதான். ஒரு செங்கல் சூளையை நினைத்துப் பாருங்கள். அங்கே களிமண்ணுக்குக் கிடைக்கும் வெப்பம் 900 டிகிரிக்கும் மேல் போகும். அதாவது இரு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் சூளையிலிருந்து செங்கல்தான் வருகிறதே தவிர இலை இலையாகப் பிரியும் பட்டுக்கல் வருவதில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று காலம். சூளையில் களிமண் இருப்பது சில நாட்கள். பூமிக்குள் அது இருப்பது பல லட்சம், பல கோடி ஆண்டுகள். வேகமாகச் செய்ய முடியாத சில வேலைகளை மெதுவாகச் செய்ய முடியும் என்பதைப் பாறைகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது: அழுத்தத்தின் திசை. செங்கல்லை எந்தத் திசையிலும் யாரும் நெருக்குவதில்லை. பூமிக்குள் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஆழத்தில் புதைந்திருக்கும் சேற்றுப்படிவத்தை, இரு கண்டத் தட்டுகள் மோதும்போது, ஒரு திசையில் மற்றத் திசைகளைவிட வலுவாக நெருக்குகின்றன. வெறும் அழுத்தம் போதாது. சமமில்லாத அழுத்தம் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் இதற்கு வருவேன்.

சமமில்லாத அழுத்தம் என்ன செய்யும் என்பதைக் காட்டப் படம் வரைய வேண்டியதில்லை. ஒரு கைப்பிடித் தீக்குச்சிகளை மேசைமேல் தாறுமாறாகக் கொட்டுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் நிறுத்தி, அந்தக் குவியலை இருபுறமிருந்தும் மெல்ல நெருக்கிக்கொண்டு வாருங்கள். தாறுமாறாகக் கிடந்த குச்சிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, முடிவில் பெரும்பாலானவை உங்கள் உள்ளங்கைகளுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் எந்தக் குச்சியையும் தனியாகத் தொட்டுத் திருப்பவில்லை. நெருக்கியது மட்டும்தான் உங்கள் வேலை. சேற்றில் இருக்கும் களிமண் துகள்கள் குச்சிகளாக இல்லாமல் செதில்களாக இருக்கின்றன. அதனால் அவை வரிசைப்படும்போது கட்டு கட்டாக அடுக்கிய தாள்களைப் போல ஆகிவிடுகின்றன. பிறகு அந்தக் கல்லை உளி வைத்துத் தட்டினால், தாள்கட்டு எந்தப் பக்கம் பிரியுமோ அந்தப் பக்கமாகப் பிரிகிறது.

இது இன்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய செய்தி. ஆனால் இதைக் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. நேரத்தைக் கொஞ்சம் தின்றாலும் சொல்லத்தான் போகிறேன். சிலேட்டு பிரியும் தளங்கள், சேறு படிந்தபோது உண்டான அடுக்குகள்தாம் என்று வெகுநாள் பலரும் நம்பியிருந்தார்கள். 1835-இல் ஆங்கில நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக், அடுக்கு வேறு, பிளவுத்தளம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரே பாறையில் பழைய படிவுகளின் நிறப்பட்டைகள் ஒரு திசையிலும், பாறை பிரியும் தளங்கள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறொரு திசையிலும் போவதை அவர் கவனித்தார். அப்படியானால் அந்தப் பிரியும் தன்மை எங்கிருந்து வந்தது? மின்சாரமோ காந்தமோ போன்ற ஏதோ ஒரு சக்தி துகள்களை அடுக்கியிருக்க வேண்டும் என்றுகூட அந்தக் காலத்தில் பேசப்பட்டது.

இங்கேதான் ஹென்றி கிளிஃப்டன் சார்பி வருகிறார். 1826-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். குடும்பச் சொத்து இருந்ததால் எந்த உத்தியோகமும் பார்க்காமல், தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு விருப்பப்பட்டதை ஆராய்ந்தவர். அவர் செய்த வேலை மிக எளியது: பாறைத் துண்டைத் தேய்த்துத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாக்கி, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இன்று உலகெங்கும் பாறையியல் மாணவர்கள் 0.03 மில்லிமீட்டர் தடிமனில் அதே தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்று சார்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். மலைகளை நுண்ணோக்கியால் ஆராய்வது முறையன்று என்று ஒரு பழைய அறிஞர் சொல்லியிருந்ததை எடுத்துக்காட்டிக் கேலி செய்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நுண்ணோக்கியின் கீழ் அவர் கண்டது, செதில்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும் காட்சி. 1853-இல் அதை வெளியிட்டார்.

பார்த்தது மட்டும் போதவில்லை அவருக்கு. புகைக்குழாய் செய்யப் பயன்படும் வெண்களிமண்ணில் இரும்பு ஆக்சைடுச் செதில்களைத் தாறுமாறாகக் கலந்து, அந்தக் கலவையை நெருக்கிப் பார்த்தார். நான் சற்றுமுன் சொன்ன தீக்குச்சிகளைப் போலவே செதில்கள் நெருக்கலுக்குக் குறுக்காகத் திரும்பிப் படுத்தன. சிலேட்டில் ஆங்காங்கே காணப்படும் பச்சை நிறப் புள்ளிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலில் உருண்டையாக இருந்திருக்க வேண்டிய அந்தப் புள்ளிகள் தட்டையாக நசுங்கியிருந்தன. எவ்வளவு நசுங்கியிருக்கின்றன என்பதை அளந்தால் பாறை எவ்வளவு நெருக்கப்பட்டது என்று கணக்கிடலாம் என்று கண்டுகொண்டார். பாறை தன்னுடைய துன்பத்தின் அளவைத் தானே குறித்து வைத்திருக்கிறது.

1856-இல் இயற்பியலறிஞர் ஜான் டிண்டால், லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவையோர் முன்னால், வெண்மெழுகை அழுத்தி, குளிரச் செய்து, அது தகடு தகடாகப் பிளப்பதைக் காட்டினார். செதில் எதுவும் கலக்காத மெழுகே பிளக்கும்போது, சார்பியின் செதில்கள் எதற்கு என்பது அவருடைய வாதம். யார் சொன்னது சரி? இன்று பார்க்கும்போது நெருக்கம்தான் மூலகாரணம் என்பதில் இருவருமே சரி. ஆனால் பாறைக்குள் நடப்பது இருவரும் முதலில் நினைத்ததைவிடச் சிக்கலானது. செதில்கள் திரும்புகின்றன. அதோடு, அதிகம் நெருக்கப்படும் பக்கத்தில் கனிமங்கள் நீரில் கரைந்து, நெருக்கம் குறைந்த பக்கத்தில் போய்ப் படிகின்றன. இதையும் 1863-இல் முதலில் எடுத்துச் சொன்னவர் அதே சார்பிதான். மூன்றாவதாக, புதிய செதில்கள் பிறந்து வளர்கின்றன. இந்த மூன்றாவது வேலைதான் சிலேட்டை ஃபில்லைட் ஆக்குகிறது. இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தது இந்த ஒரு வரிக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண் கனிமங்களும் அபிரகமும் ஒரே குடும்பம். இரண்டும் தகடுகளால் ஆனவை. ஒவ்வொரு தகடும் தனக்குள் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு மட்டும் தளர்வாக இருக்கும். அபிரகத்தில் அந்த இடைவெளியில் அமர்ந்து பிடித்துக்கொண்டிருப்பவை பொட்டாசியம் அணுக்கள். நகத்தால் அபிரகத்தை உரிக்க முடிவதன் காரணம் இதுதான். வெப்பம் ஏற ஏற, களிமண் தன்னிடம் கட்டுண்டிருந்த நீரை விட்டுவிட்டு, பொட்டாசியத்தை ஏற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல அபிரகமாகிறது. சிலேட்டில் இந்த அபிரகத் துணுக்குகள் மிக மிகச் சிறியவை. ஒளியை ஒன்றாகத் திருப்பி அனுப்பும் வலு அவற்றுக்கு இல்லை. சிஸ்டில் அவை வளர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கண்ணாடி. ஃபில்லைட்டில் அவை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. தனியாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை அல்ல; நம் கண் பிரித்தறியக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதற்குள் அடங்கிவிடுகிறவை. ஆனால் எல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதால், கோடிக்கணக்கான அந்தத் துணுக்குகள் ஒரே நேரத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நாம் காண்பது எந்த ஒரு செதிலின் மின்னலும் அன்று, கூட்டத்தின் மின்னல்.

பட்டுத் துணியிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு இழையும் தனியாக நம் கண்ணுக்கு எதுவும் செய்வதில்லை. இணையாகக் கிடக்கும் இழைகள் சேர்ந்துதான் அந்தப் பளபளப்பைத் தருகின்றன. அதனால்தான் துணியைத் திருப்பினால் நிறம் மாறுவதுபோல் தோன்றுகிறது. செரிசைட்டுக்குப் பட்டின் பெயரை வைத்தவர் வெறும் உவமைக்காக வைத்திருக்கலாம். உவமையோ காரணம் வரைக்கும் பொருந்திவிட்டது.

சுருக்கங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மேசைமேல் விரித்த துணியை ஒரு முனையில் கைவைத்துத் தள்ளினால் சிறு சிறு மடிப்புகள் எழும். ஃபில்லைட்டின் சுருக்கங்களும் அப்படிப்பட்டவை. முதல் நெருக்கல் செதில்களை வரிசைப்படுத்திவிட்டது. அதன் பின் வேறொரு திசையிலிருந்து இரண்டாவது நெருக்கல் வரும்போது, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் அந்த அடுக்குகள் துணியைப் போல மடிகின்றன. ஆகவே ஒரு ஃபில்லைட் துண்டைக் கையில் எடுத்து, அதன் பளபளப்பான முகத்தையும் அதன்மேல் ஓடும் வரிவரியான சுருக்கத்தையும் பார்க்கிறவர், பெரும்பாலும் இரண்டு தனித்தனி நெருக்கல்களின் பதிவை ஒரே முகத்தில் பார்க்கிறார். முதலில் எது, பிறகு எது என்றுகூடச் சொல்லிவிடலாம்: மடிந்திருப்பது முந்தியது, மடித்தது பிந்தியது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலும் வெயிலும் போதும்.

களிமண் விட்டுவிட்ட நீர் எங்கே போயிற்று என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. அது பாறையின் விரிசல்கள் வழியே மேலேறுகிறது. போகும்போது தான் கரைத்து எடுத்துவந்த சிலிக்காவை, அதாவது மணலின் மூலப்பொருளை, வழியில் குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமத்தின் நரம்புகளாக விட்டுச் செல்கிறது. கருஞ்சாம்பல் பாறையில் வெள்ளை வெள்ளையாக ஓடும் கோடுகளைப் பார்த்திருந்தால், அவற்றில் பல இப்படி வந்தவை. சில இடங்களில் அந்த நரம்புகளோடு தங்கமும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ தங்கவயல் சிலேட்டும் மணற்பாறையும் மாறி மாறி வரும் அத்தகைய அடுக்குகளில்தான் இருக்கிறது. தங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கல்லை யாரும் கேட்க மாட்டீர்கள். ஆகவே அதை இத்தோடு விடுகிறேன்.

தங்கத்தைவிட எனக்குச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது, சாணைக்கல். கத்தி தீட்டும் கல்லுக்கு என்ன தேவை? இரும்பைத் தேய்க்கும் அளவுக்குக் கடினமான துகள் வேண்டும்; அந்தத் துகள் எங்கும் ஒரே அளவில், மிக நுண்ணியதாக இருக்க வேண்டும்; தேய்ந்த துகள் உதிர்ந்து புதிய துகள் வெளிப்படும்படி அதைப் பிடித்திருக்கும் பொருள் மென்மையாக இருக்க வேண்டும். நுண்ணிய குவார்ட்ஸ் துகள்களை மென்மையான அபிரகம் பிடித்துவைத்திருக்கும் ஃபில்லைட், இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிற கல். போதாததற்கு, வெட்டும்போதே தட்டைத் தட்டையாகப் பிரிந்து வந்துவிடுகிறது.

வடக்கு ஐரோப்பாவின் தொல்லியலாளர்கள் ‘ஊதா ஃபில்லைட்’ என்று நெடுங்காலமாக வழங்கிவந்த ஒருவகைச் சாணைக்கல் உண்டு. வைக்கிங்குகள் என்னும் வட ஐரோப்பியக் கடலோடிகளின் காலத்து வணிகத் துறைமுகங்களில் அது ஏராளமாகக் கிடைக்கிறது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் உள்ள ரீபே என்னும் பழைய வணிக ஊரில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்க அடுக்குகளிலிருந்தே அவை கிடைத்திருக்கின்றன. கல்லின் கனிமங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் பல நடு நார்வேயில், ட்ரொண்ட்ஹைமுக்கு அருகிலுள்ள மோஸ்டாட்மார்க்காவிலிருந்து வெட்டியெடுத்தவை என்று தெரிந்தது. கடல்வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வைக்கிங் காலம் 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய நிகழ்ச்சியோடு தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். அதற்கு இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் கடல்வழியில் கல் ஏற்றிய படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. வாளைப் பற்றி எத்தனையோ பேர் பேசுகிறார்கள்; அந்த வாளைத் தீட்டிய கல்லைப் பற்றிப் பேச ஓர் ஆளாவது வேண்டாமா?

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியிலும் இப்படியொரு கல் உண்டு. ஊதாநீல நிறப் பாறைக்கு நடுவே மஞ்சள் நிற மெல்லிய பட்டைகள் ஓடும். அந்த மஞ்சள் பட்டையில் அபிரகத்துக்குள் மிக நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும். சவரக்கத்தி தீட்டுவதற்கு உலகப் புகழ் பெற்ற கல் அது. கார்னெட் என்றால் நகையில் பதிக்கும் சிவப்புக் கல் நினைவுக்கு வரும். இங்கே அதே இனம், கண்ணுக்குத் தெரியாத அளவில், தாடி மழிக்கும் கத்திக்குக் கூர்மை தந்துகொண்டிருக்கிறது.

கார்னெட் என்று சொன்னதும் ஸ்காட்லாந்து நினைவுக்கு வருகிறது. ஜார்ஜ் பேரோ என்பவர் அந்த மலைநாட்டின் தென்கிழக்குப் பகுதியில் நிலப்படம் தயாரித்தபோது, பழைய சேற்றுப்பாறைகளில் தோன்றும் கனிமங்கள் ஓர் ஒழுங்கில் மாறிச் செல்வதைக் கண்டு 1893-இல் எழுதினார். வெப்பம் குறைந்த பக்கம் குளோரைட்டும் அபிரகமும். அதைத் தாண்டினால் கார்னெட். அதையும் தாண்டினால் வேறு கனிமங்கள். நடந்து போகிறவர் காலடியில் இருக்கும் கனிமத்தைப் பார்த்தே, அந்த நிலம் ஒருகாலத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடலாம். பாறையே தன் வெப்பமானி. அந்த வரிசையின் தொடக்கப் பகுதியில்தான் நம் ஃபில்லைட் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பற்றித் தனியாக ஐந்து நிமிடம் பேசலாம் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். சார்பிக்கும் வைக்கிங்குகளுக்கும் நான் தாராளமாகச் செலவழித்துவிட்டேன் என்று தெரிகிறது.

ஆகவே கடைசியாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு திசையில் எளிதாகப் பிரியும் கல், அந்தத் திசையில் பலவீனமான கல். இமயமலையின் கீழ்ச்சரிவுகளில், டார்ஜிலிங் பக்கத்து டாலிங் பாறைகளிலும் கார்வால் பக்கத்துச் சாந்த்பூர் பாறைகளிலும், ஃபில்லைட் பரந்து கிடக்கிறது. அதன் இலைகள் மலைக்குள் சாய்ந்திருந்தால் சரிவு பெரும்பாலும் நிற்கும். சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், மழைநீர் இலைகளுக்கிடையே இறங்கி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி வரும். சாலைக்காக அடிப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டால், தாங்குவதற்கு இருந்த ஒன்றும் போய்விடுகிறது. சுரங்கப்பாதை தோண்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை. தோண்டிய பாதையை ஃபில்லைட் மெல்ல மெல்ல நெருக்கிச் சுருக்கிவிடுவதுண்டு. உடைத்துக் கான்கிரீட்டில் போடலாம் என்றாலோ, ஜல்லி கனசதுரமாக வராமல் சில்லுச் சில்லாக வருகிறது, சிமெண்டும் அபிரகத்தின் வழவழப்பான முகத்தைச் சரியாகப் பற்றுவதில்லை. நான் இதுவரை புகழ்ந்து சொன்ன அதே குணம்தான் இத்தனைக்கும் காரணம். செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கின்றன. சரிவில் நிற்கும் பொறியாளர் முதலில் அளக்க வேண்டியது, கல் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டிலும், அதன் இலைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை. அந்தச் சாய்வை அளக்கும் முறையையும் விளக்குவதாக இருந்தேன். ஒரு விரல்தான் மிச்சமிருக்கிறது, அதுவும் இப்போது மடங்கிவிட்டது. வணக்கம்.